அம்சாவின் படகில் ஷரீபுன்னிசா

செங்கல்பட்டு ஸ்டேஷனுக்கு எதிரே சைக்கிள் வாடகைக் கடை வைத்திருந்த கியாசுதீனின் இரண்டாவது மகள் ஷரீபுன்னிசா. சின்ன வயதிலேயே பொறாமைக்காரி என்று பெயர் எடுத்தவள். அந்தப் பெயரை அவள் மறுத்ததில்லை. "எனக்குக் கொஞ்சம் எரிச்சல் ஜாஸ்திதான். இன்னா பண்றது, அல்லா அப்படி வெச்சிட்டான்" என்று தானே சொல்லிவிடுவாள்.

அக்கா ஃபக்ருன்னிசாவின் பெருநாள் பாவாடையில் ஜரிகை ஒரு விரல் அகலம் கூடுதலாக இருந்தது என்று, எட்டு வயதில் பெருநாள் முழுக்கப் பட்டினி கிடந்தாள். அக்காவின் நிக்காஹ் அன்று அவளுக்கு நிஜமாகவே காய்ச்சல் வந்துவிட்டது. அடுத்த வருஷமே ஜெயினுலாபுதீன் என்ற பாத்திர வியாபாரிக்கு அவளைக் கட்டிக்கொடுத்தார்கள். மூன்று பெண்கள் பிறந்தார்கள். மூத்த இருவரும் கல்யாணமாகிப் போய்விட்டார்கள். கடைக்குட்டி ஷஹர்பானு மட்டும் வீட்டில் இருந்தாள்.

கல்பாக்கத்தில் அணுமின் நிலைய வேலை தொடங்கியதும் ஜெயினுலாபுதீன் கடையைப் புதுப்பட்டினத்துக்கு மாற்றினார். எங்கெங்கிருந்தோ வந்து குடியேறிய டவுன்ஷிப் குடும்பங்களுக்கு வாளி, ஸ்டவ், குக்கர் எல்லாம் தேவைப்பட்டன. ஷரீபுன்னிசாவுக்கு அந்த டவுன்ஷிப் பெண்களைப் பார்த்தாலே ஆகாது. தலையை மூடாமல், பையை வீசிக்கொண்டு, இரண்டு மூன்று பேராகச் சிரித்துப் பேசியபடி கடைக்கு வருவார்கள். அவர்கள் வீட்டில் குக்கர் விசில் அடிக்கிறதாமே என்று ஒரு மாதம் புலம்பினாள். ஜெயினுலாபுதீன் கடையிலிருந்தே ஒரு குக்கரை எடுத்துவந்து அடுப்படியில் வைத்தார். அடுத்த நாளே அதன் மேல் இருந்த ஆசை போய்விட்டது.

ஆனால் கணவர் மேல் அவள் ஒருநாளும் பொறாமைப்பட்டதில்லை. காலையில் கடை, மத்தியானம் சாப்பாடு, சாயங்காலம் மறுபடி கடை. செவ்வாய்க்கிழமை சரக்கு எடுக்க மெட்ராஸ். பத்து வார்த்தை பேசவேண்டிய இடத்தில் இரண்டு வார்த்தை. அந்த மனிதரிடம் பொறாமைப்பட என்ன இருக்கிறது?

எழுபத்து நாலாம் வருஷம் ஆடி முடிந்த சமயத்தில் அது மாறியது.

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடித்து வந்தால் ஜெயினுலாபுதீன் சாப்பிட்டுவிட்டு நாலரை மணி வரை தூங்குவது வழக்கம். அன்று தூங்கவில்லை. கைகழுவிய ஈரத்தோடு சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினார். ஐந்து மணிக்குத் திரும்பி வந்தார். கைலியின் கீழ் ஓரம் நனைந்திருந்தது. முகம், நல்ல தண்ணீரில் அலசிக் காயப்போட்ட துணிபோல் இருந்தது.

"எங்க போய்ட்டு வரீங்க மச்சான்?"

"சும்மாதான். காத்தாட."

இருபத்திரண்டு வருஷத்தில் அவர் காற்றாடப் போனதாக அவளுக்கு நினைவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமையும் போனார். அதற்கடுத்த வெள்ளியும். திரும்பி வரும்போது வாய்க்குள் எதையோ முனகிக்கொண்டு வருவார். ஒரு தடவை சோற்றில் உப்பு இல்லை என்பதையே கவனிக்காமல் சாப்பிட்டு எழுந்தார். அன்று ராத்திரி ஷரீபுன்னிசாவுக்குச் சோறு இறங்கவில்லை.

நாலாவது வாரம் துவைக்கப் போட்ட அவருடைய சட்டையைத் தூக்கியபோது கமகமவென்று வாசனை வந்தது. பையில் ஒரு தாழம்பூ மடல். கசங்காமல், நீளவாக்கில் மடித்து வைத்திருந்தது. வீட்டில் யாருக்கும் அவர் பூ கொண்டு வரவில்லை. ஒரு மடல் இங்கே இருக்கிறதென்றால் மீதிப் பூ எந்தத் தலையில் இருக்கிறது? சட்டையைக் கையில் பிடித்தபடி துவைக்கிற கல்லின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

ஷஹர்பானு வந்து பார்த்தாள். "இன்னாம்மா, தலை சுத்துதா?"

"ஒண்ணும் இல்ல. நீ போய் வேலையப் பாரு."

யாரிடமும் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. பதில் தானாகவே வாசலுக்கு வந்தது. வீட்டுக்கு மீன் கொண்டுவரும் வேண்டா என்பவள் கூடையை இறக்கிவைத்துக்கொண்டே, "வூட்ல பாய்க்கு இன்னா வயசுல படகு ஆச வந்துச்சு? வெள்ளிக்கெழம ஆனா அம்சா படகு கீதே, அதுல போய்கினு வந்துகினு கீறாரு" என்றாள்.

"யாரு அம்சா?"

"கழியில எறா புடிக்கும் பாரு, அது. புருசன் செத்துப் பூட்டான்."

மீன் வாங்காமல் கதவைச் சாத்திவிட்டாள் ஷரீபுன்னிசா. அடுத்த மூன்று நாளில் அவள் மனசுக்குள் ஓர் அம்சா உருவானாள். இருபத்தைந்து வயது. மாநிறம். இடுப்பு வரை கூந்தல், அதில் தாழம்பூ. சிரித்தால் கன்னத்தில் குழி.

செவ்வாய்க்கிழமை ஜெயினுலாபுதீன் மெட்ராஸ் பஸ் ஏறியதும், சதுரங்கப்பட்டினத்தில் இருக்கும் ஃபக்ருன்னிசாக்கா வீட்டுக்குப் போவதாக மகளிடம் சொல்லிவிட்டு, வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு கிளம்பினாள். சதுரங்கப்பட்டினம் வரை ஜட்கா. அங்கிருந்து சவுக்குத் தோப்பு வழியாக நடை. தோப்பு முடியும் இடத்தில் கழி விரிந்து கிடந்தது. கடல் தண்ணீர் முகத்துவாரம் வழியாக உள்ளே வந்து, கால்வாய்த் தண்ணீரோடு கலந்து, குளமும் இல்லாமல் ஆறும் இல்லாமல் பரந்து நிற்கிற இடம். நடுவே பச்சையாக மூன்று திட்டுகள்.

கரையோரத்தில் ஒரு பெண்பிள்ளை இடுப்பளவு தண்ணீரில் நின்று கைகளால் சேற்றைத் துழாவிக்கொண்டிருந்தாள். ஐம்பது வயதுக்குக் குறையாது. முன்பல் ஒன்று இல்லை. தலைமயிர் கொஞ்சம்தான், அதையும் துணியால் இறுக்கிக் கட்டியிருந்தாள்.

"இங்க அம்சான்னு யாரு?"

"நான்தான். இன்னாமா வோணும்?"

ஷரீபுன்னிசா மூன்று நாளாகச் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகள் எதுவும் இந்த ஆளுக்குப் பொருந்தவில்லை. நெஞ்சில் நிம்மதிதான் வந்திருக்க வேண்டும். வந்தது ஏமாற்றம்.

"நான் பாத்திரக்கடை பாய் வூடு" என்றாள்.

அம்சா கரையேறி வந்தாள். மேலும் கீழும் பார்த்தாள். விஷயம் புரிந்ததும் பல் இல்லாத இடம் தெரியச் சிரித்தாள். "அய்ய, என்னியப் பாக்கவா இம்மாந்தூரம் வந்தே? உம் புருசன் எனக்கு ஒரு குண்டான் குடுத்தாரு, நான் படகக் குடுத்தேன். அவ்ளோதான்."

"அவர் கூட யார் போறது?"

"ஒருத்தரும் இல்ல. ஒண்டியாத்தான் போவாரு. தொணைக்கு நான் வரேன்னு சொன்னா வாணாம்ன்றாரு. மொத வாரம் சேத்துல மாட்டிகினு நின்னாரு. இப்ப நல்லா மூங்கில் ஊன்றாரு."

"திட்டுல யாராவது குடியிருக்காங்களா?"

"கொக்கு கீது. நண்டு கீது. வேற யாரு இருப்பாங்க?"

"நான் பார்க்கணும்."

அம்சா படகை இழுத்து வந்தாள். தட்டையான சின்னப் படகு. ஒரு பக்கம் தார் பூசி ஒட்டுப்போட்டது. ஷரீபுன்னிசா துப்பட்டியை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு ஏறி, இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அம்சா பின்னால் நின்று மூங்கிலை ஊன்றித் தள்ளினாள்.

முதல் திட்டு வரை ஷரீபுன்னிசாவின் கண் தடயம் தேடிக்கொண்டிருந்தது. வளையல் துண்டு, வெற்றிலைக் காம்பு, புடவை நூல். முதல் திட்டில் வெறும் கோரைதான். இரண்டாவதில் கண்டல் செடிகள் வேரைத் தண்ணீருக்குள் விரல்போல் ஊன்றி நின்றன. அதைச் சுற்றி வளைந்தபோது கரை மறைந்தது. ரோட்டில் போகும் லாரியின் சத்தம் நின்றது. தெற்கே எங்கோ அணுமின் நிலைய வேலையில் இரும்பை இரும்பால் அடிக்கும் ஓசை மட்டும் வந்துகொண்டிருந்தது. கொஞ்ச தூரத்தில் அதுவும் இல்லை. தண்ணீர் இங்கே வேறு நிறம். அடியில் மணல் வரிவரியாகத் தெரிந்தது. மூங்கில் போட்ட வட்டங்கள் விரிந்து விரிந்து திட்டைத் தொட்டன. முகத்துவாரத்து மணல்மேட்டுக்கு அந்தப் பக்கம் அலை அடிக்கும் சத்தம் கேட்டது, ஆனால் அலை கண்ணில் படவில்லை. வெள்ளைக் கொக்குகள் படகைப் பார்த்தும் எழவில்லை.

மூன்றாவது திட்டில் தாழம்புதர் மண்டிக் கிடந்தது. பூ விரிந்து, மடல்கள் தண்ணீரில் உதிர்ந்து மிதந்தன.

ஒன்று கையில் தட்டுப்பட்டது. அதை எடுத்து முகர்ந்தாள். அவருடைய சட்டைப் பையின் வாசனை.

"இங்கதான் எறங்குவாரு" என்றாள் அம்சா.

புதருக்குப் பின்னால் ஓர் ஆள் உட்காரும் அளவுக்குப் புல் படிந்திருந்தது. அதன் மேல் நாலாக மடித்த ஒரு கோணிச் சாக்கு. பக்கத்தில் ஒரு காலி சோடா பாட்டில். இரண்டாவது ஆள் உட்கார அங்கே இடமே இல்லை. ஷரீபுன்னிசா அந்தச் சாக்கின் மேல் உட்கார்ந்தாள். எதிரே தண்ணீர், மணல்மேடு, அதற்கு மேல் வானம்.

எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாள் என்று தெரியாது. யாரும் அவளைக் கூப்பிடவில்லை. அடுப்பில் ஒன்றும் இல்லை. வாசலில் யாரும் இல்லை. நினைவு தெரிந்த நாளிலிருந்து அப்படி ஒரு நேரம் அவளுக்கு வாய்த்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. கூடவே நெஞ்சுக்குள் தீ பற்றிக்கொண்டது. அக்காவின் ஜரிகைக்கும் குக்கருக்கும் எரிந்தது எல்லாம் விளையாட்டு என்று தோன்றுகிற அளவுக்கு எரிந்தது. ஒரு பெண் இருந்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம், அழுதிருக்கலாம், செங்கல்பட்டுக்கு மூட்டை கட்டியிருக்கலாம். இதை என்ன செய்வது? இப்படி ஓர் இடத்தைக் கண்டுபிடித்துவிட்டு, வீட்டுக்கு வந்து "சும்மாதான், காத்தாட" என்று சொல்லியிருக்கிறார் அந்த மனிதர்!

திரும்பும் வழியில் அம்சாவிடம் கேட்டாள். "அந்த மூங்கிலைப் பிடிக்கக் கஷ்டமா?"

"புட்ச்சிப் பாரு."

பிடித்தாள். படகு ஒரு சுற்றுச் சுற்றிச் சேற்றில் போய்ச் செருகிக்கொண்டது. அம்சா இறங்கித் தள்ளிவிட்டாள்.

ஜெயினுலாபுதீனிடம் அவள் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. அடுத்த செவ்வாயும் போனாள். அதற்கடுத்த செவ்வாயில் துப்பட்டியைக் கழற்றி இடுப்பில் வரிந்து கட்டிக்கொண்டு தானே ஊன்றினாள். அம்சா முன்னால் உட்கார்ந்து வெற்றிலை மென்றாள். நாலாவது வாரம், "நீ எறங்கிக்க அம்சா" என்றாள்.

"பயம் இல்லியா?"

"அவருக்கு இல்லாத பயம் எனக்கு எதுக்கு?"

அன்று தனியாகப் போனாள். முதல் திட்டில் ஒருமுறை இடித்துக்கொண்டாள். இரண்டாவது திட்டைச் சுற்றியபோது மூங்கில் தானாகவே ஊன்றி எழுவதுபோல் பழகிவிட்டது. ஒரு மீன் துள்ளி விழுந்தது. அதற்கு அவள் "அடேங்கப்பா" என்று வாய்விட்டுச் சொன்னாள். கேட்க யாருமில்லை என்பதால் இன்னொரு தடவையும் சொன்னாள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் கழி பெருகி இருவருமே போக முடியவில்லை. வெள்ளிக்கிழமைகளில் அவர் ஜன்னலருகே நின்று மழையைப் பார்ப்பார். செவ்வாய்க்கிழமைகளில் அவள் அதே ஜன்னலில் நிற்பாள். மார்கழியில் வெயில் வந்ததும் மறுபடி ஆரம்பித்தது.

அந்த மாதம்தான் ஜெயினுலாபுதீன் மாறினார். வெள்ளிக்கிழமை திரும்பி வரும்போது முகத்தில் பழைய தெளிவு இல்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பார். காரணம் ஷரீபுன்னிசாவுக்குத் தெரியும். அவர் நாலாக மடித்து வைத்த சாக்கை அவள் மூன்றாகத்தான் மடிப்பாள். ஆரஞ்சுத் தோலை ஒருநாள் வேண்டுமென்றே விட்டு வந்தாள்.

"மூஞ்சி ஏன் இப்படிக் கீது மச்சான்?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் இல்ல."

"கடையில ஏதாவது பேஜாரா?"

"ஒண்ணும் இல்லன்றேன்ல!"

அவர் குரலை உயர்த்தி அவள் கேட்டது அதுதான் முதல் தடவை. அந்த முகம் அவளுக்கு நன்றாகத் தெரிந்த முகம். கண்ணாடியில் எத்தனையோ தடவை பார்த்தது. அடுப்படிக்குப் போய்த் தனியாகச் சிரித்துக்கொண்டாள்.

அவர் அம்சாவைக் கேட்டுவிட்டார் என்பது பிறகு தெரிந்தது. "செவ்வாக்கெழம ஒரு அம்மா வருது பாய். ரொம்ப நல்ல அம்மா" என்பதற்கு மேல் அம்சா ஒன்றும் சொல்லவில்லை.

தை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை ஜெயினுலாபுதீன் மெட்ராஸ் பஸ்ஸில் ஏறி, அடுத்த ஸ்டாப்பிலேயே இறங்கிவிட்டார். நடந்தே கழிக்கரைக்கு வந்தபோது முளையில் படகு இல்லை. சவுக்கு நிழலில் நின்றார். ஒன்றரை மணி நேரம் நின்றார். பதினோரு மணிக்கு இரண்டாவது திட்டுக்குப் பின்னாலிருந்து படகு வெளியே வந்தது. நடுவில் ஒரு பெண் நின்று ஊன்றிக்கொண்டிருந்தாள். வெள்ளைத் துணி காற்றில் படபடத்தது. டவுன்ஷிப்காரி எவளோ என்றுதான் முதலில் நினைத்தார். படகு பாதித் தூரம் வந்ததும் அவருடைய கால் தானாகத் தண்ணீருக்குள் இறங்கியது.

ஷரீபுன்னிசா அவரைப் பார்த்தாள். மூங்கிலை நிறுத்தவில்லை. கரைக்கு வந்து, படகை முளையில் கட்டிவிட்டு நிமிர்ந்தாள்.

"யாரக் கேட்டு வந்தே?" என்றார்.

"நீங்க யாரக் கேட்டு வந்தீங்க?"

"நான் ஆம்பள."

"படகுக்கு அது தெரியல மச்சான்."

தூரத்தில் இறால் பிடித்துக்கொண்டிருந்த அம்சா முதுகைத் திருப்பிக்கொண்டாள். ஜெயினுலாபுதீனுக்குக் கோபத்தில் மூச்சு வாங்கியது. திட்டப் போகிறார் என்று ஷரீபுன்னிசா காத்திருந்தாள். ஆனால் அவர் திட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், குரல் உடைந்துபோய்ச் சொன்னார்:

"அது என்னோட எடம் ஷரீபு."

முப்பத்தொன்பது வருஷமாக ஊரில் உள்ள எல்லோரிடமும் இருந்ததைப் பார்த்து வயிறெரிந்தவள் அவள். அவளிடம் இருப்பதைப் பார்த்து ஒருவர் வயிறெரிந்தது அன்றுதான். அது இனிப்பாக இருந்தது. அடுத்த நிமிஷமே அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. விட்டுக்கொடுத்துவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தாள். யோசித்ததோடு சரி.

"எனக்கும் அதான் எடம்" என்று சொல்லிவிட்டுத் துப்பட்டியை உதறிப் போர்த்திக்கொண்டாள்.

சைக்கிளை அவர் அன்று எடுத்து வரவில்லை. இரண்டு பேரும் சவுக்குத் தோப்பு வழியாக ஒருவர் முன், ஒருவர் பின்னாக நடந்தார்கள். வீட்டில் மூன்று நாள் பேச்சில்லை. "அம்மா, அத்தாக்கு இன்னா ஆச்சு?" என்று ஷஹர்பானு கேட்டுக் கேட்டு அலுத்துப்போனாள்.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வந்தவர் சாப்பிட்டுவிட்டுச் சொன்னார்: "கெளம்பு. சேர்ந்தே போவோம்."

போனார்கள். அது படுதோல்வி. அவர் ஊன்றினால், "அந்தப் பக்கம் ஆழம்" என்று அவள் சொன்னாள். அவள் ஊன்றினால், "மெதுவா, மெதுவா" என்று அவர் சொன்னார். இரண்டாவது திட்டுக்கு முன்பே ஷஹர்பானுவுக்கு மாப்பிள்ளை பார்க்கிற பேச்சு வந்துவிட்டது. பேச்சு சத்தமாகி, கொக்குகள் எல்லாம் எழுந்து பறந்தன. மூன்றாவது திட்டில் ஒரு சாக்கில் இரண்டு பேர் உட்கார முடியாமல் அவர் நின்றுகொண்டே இருந்தார். ஐந்து மணிக்குக் கரையேறும்போது இருவர் முகமும் உர்ரென்று இருந்தது.

அம்சாதான் தீர்த்துவைத்தாள். "ரெண்டு பேரும் ஒண்டியா வந்தப்போ சிரிச்சிகினு போனீங்க. சோடியா வந்து அழுதுகினு போறீங்க. வெள்ளிக்கெழம பாய் வரட்டும், செவ்வாக்கெழம நீ வா. இன்னா இப்ப?"

அப்படியே ஆயிற்று. ஊரில் பேச்சு எழாமல் இல்லை. பள்ளிவாசல் பக்கத்திலிருந்து இரண்டு பேர் ஜெயினுலாபுதீனிடம் வந்து, வீட்டுப் பெண்கள் படகு ஓட்டுவது நன்றாகவா இருக்கிறது என்று கேட்டார்கள். "என்னைவிட நல்லாவே ஓட்டுறா. அதான் எனக்குக் கஷ்டமா இருக்கு" என்று அவர் சொன்னார். கேட்டவர்கள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்கள்.

பொறாமை மட்டும் தீரவில்லை. வெள்ளிக்கிழமை கூழைக்கடா வந்து இறங்கியது என்று அவர் சொன்னால், செவ்வாய் வரை அவளுக்குத் தூக்கம் வராது. செவ்வாய்க்கிழமை முகத்துவாரம் திறந்து, கடல் தண்ணீர் பாம்புபோல் உள்ளே புகுந்ததை அவள் சொன்னால், அவர் தட்டை நகர்த்திவிட்டு எழுந்துவிடுவார். ஆனால் இருபத்திரண்டு வருஷத்தில் பேசாத அளவுக்கு அந்த வருஷங்களில் இருவரும் பேசினார்கள். பேச்சு முழுக்க யார் அதிகம் பார்த்தது என்பதுதான்.

எழுபத்தொன்பதில் ஜெயினுலாபுதீனுக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. மாத்திரை, தைலம், செங்கல்பட்டு டாக்டர் எல்லாம் பார்த்தாகிவிட்டது. நின்று மூங்கில் ஊன்ற முடியாது என்றாகிவிட்டது. சில மாதம் கழித்து ஷரீபுன்னிசா தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"மச்சான், வெள்ளிக்கிழமை சும்மாதானே கீது. நான் எடுத்துக்கட்டுமா?"

"வேணாம்" என்றார். "போவாட்டியும் அது என்னுது."

அவள் வற்புறுத்தவில்லை. செவ்வாய்க்கிழமைகளில் மட்டும் போய்வந்தாள். மூன்றாவது திட்டில் சாக்கை அவருடைய வழக்கப்படி நாலாக மடிக்கத் தொடங்கியிருந்தாள். அதை அவரிடம் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமைகளில் அம்சா அந்தப் படகில் இறால் பிடித்தாள். பிடித்ததில் ஒரு பங்கை ஓலைப் பெட்டியில் போட்டு வீட்டில் கொண்டுவந்து கொடுப்பாள். ஜெயினுலாபுதீன் நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்தபடி, பெட்டியைத் திறந்து பார்ப்பதற்கு முன்பே கேட்பார்:

"எந்தப் பக்கம் புடிச்சே? மூணாவது திட்டாண்டயா?"

"அய்ய, அம்மாந்தூரம் யாரு போறது பாய்? கரையோரமாத்தான்" என்பாள் அம்சா. ஷரீபுன்னிசா இறாலை அளைந்து பார்ப்பாள். கரையோரச் சேற்றில் அத்தனை பெரிய இறால் கிடைக்காது என்று அவளுக்குத் தெரியும். அவர் எட்டிப் பார்ப்பதற்குள் பெட்டியை மூடி அடுப்படிக்கு எடுத்துப் போய்விடுவாள்.